ஞாயிற்றுக்கிழமைகளை நாம் பகிர்ந்துகொள்வோம்

ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

இனித் தொலைபேசி வேண்டாம், எழுதுங்கள் என்றாய். நியாயமான கோரிக்கை. சென்ற வாரம் நீ பேசிக்கொண்டிருக்கையில் ‘ஒரு நிமிஷம் இரு’ என்று சொல்லிப் போனவன் திரும்பி வரவே இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. கடிதத்தின் நடுவே எவரும் குறுக்கிட இயலாது என்பது அதன் சிறப்பு. நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். மருத்துவரிடம் காட்டும் அளவுக்கு எதுவும் இல்லை என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுவது முறை. இந்த ஞாயிறு என்னால் அங்கு வர இயலாது. அடுத்த ஞாயிறும் ஐயத்திற்குரியது. காரணம், நான் எழுதிய ஒரு சொல்.

எங்கள் கிடங்குக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமையும் லாரிகள் வருகின்றன. சரக்கு இறக்க லோடுமேன்கள் வர மறுத்தார்கள். எம்.டி. என்னை அழைத்து, “ஆர்டர் மாதிரி இருக்கக் கூடாது சார். கொஞ்சம் இதமா ஒரு சர்க்குலர் போடுங்க” என்றார். சட்டம் படித்தவனைப் பணியாளர் பிரிவுக்கும் மேலாளராக்கியதால் வரும் தொல்லை இது. இதமாக எழுத எனக்கு எவரும் கற்றுத் தரவில்லை. ‘ஞாயிற்றுக்கிழமைப் பணியை நீங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும்’ என்று எழுதிப் பார்த்தேன். மிரட்டுவது போல இருந்தது. ‘நீங்கள்’ என்பதை அடித்துவிட்டு ‘நாம்’ என்று போட்டேன். ‘வேண்டும்’ என்பதையும் எடுத்துவிட்டேன். ‘ஞாயிற்றுக்கிழமைப் பணியை நாம் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வோம்.’ படிக்க மிகவும் இதமாக இருந்தது.

மறுநாள் லோடுமேன்கள் சங்கத்தின் வக்கீல் அழைத்தான். அவன் வேறு யாருமில்லை, என்னோடு சட்டக் கல்லூரியில் படித்த ‘வாய்தா’. எந்த வழக்கிலும் முதல் நாளே வாய்தா கேட்பவன் என்பதால் நாங்கள் வைத்த பெயர்.

“என்னடா, உன் சர்க்குலரைப் படிச்சேன். ‘நாம்’னு போட்டிருக்கே.”

“ஒரு மரியாதைக்காகப் போட்டதுடா.”

“மரியாதை நல்லாதான் இருக்கு. ‘நீங்கள்’னா தொழிலாளி மட்டும். ‘நாங்கள்’னா நிர்வாகம் மட்டும். ‘நாம்’னா ரெண்டு தரப்பும். உன் கையாலயே உன்னையும் சேத்துக்கிட்டே. நிர்வாகத்துல இருந்து யாருப்பா வர்றாங்க ஞாயித்துக்கிழமை?”

எம்.டி.யிடம் போய்த் திருத்திய சுற்றறிக்கை வெளியிடலாம் என்றேன். “மாத்தினா பயந்துட்டோம்னு ஆகும். நிர்வாகம் சார்பா நீங்களே போயிடுங்க. எழுதினது நீங்கதானே?” என்றார். இது தற்காலிக ஏற்பாடு என்றும் சொன்னார். எதுவரை என்று சொல்லவில்லை.

உன் ஊர்க் கிளையில் காலியாக உள்ள பதவி குறித்து: விண்ணப்பிக்க மே இறுதிவரை அவகாசம் இருக்கிறது. இப்போதுள்ள பதவிக்கு ஒரு படி கீழே. அங்குள்ள கிளை மேலாளர் என்னிடம் வேலை பழகியவன். இவற்றையெல்லாம் கருத்தில்கொண்டு விஷயம் பரிசீலனையில் உள்ளது.

உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றதா? மகளுக்கு என் அன்பைச் சொல்.

உன்,
ஷரத்து

◆

ஏப்ரல் 12

அன்புள்ள ஷரத்து அவர்களுக்கு,

சிரித்துவிட்டேன். மன்னியுங்கள். வார்டு வராந்தாவில் நின்று படித்ததால் நோயாளியின் சொந்தக்காரர் ஒருவர், நல்ல செய்தியா சிஸ்டர் என்று கேட்டார். இல்லைங்க, என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மூட்டை இறக்கப் போகிறார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வார்டுக்குள் போய்விட்டார்.

கல்யாணமான புதிதில் என் தம்பி உங்களிடம், ‘அத்தான், நாளைக்கு சினிமாவுக்கு வர்றீங்களா’ என்று கேட்டதற்கு, ‘வேறு வேலை ஏதும் குறுக்கிடாத பட்சத்தில்’ என்றீர்களே, அன்றைக்கு அவன் வைத்த பெயர் ஷரத்து. உங்கள் கடிதத்தின் அடியில் நீங்களே அதைப் போட்டிருப்பதைப் பார்த்தபோது பாவமாகவும் இருந்தது.

இங்கே செய்திகள் உண்டு. மூன்று வார்டுகளுக்கும் நான்தான் டியூட்டி சார்ட் போடுகிறேன். யாருக்கு எந்த நாள் லீவு என்று எழுதுகிறவளை யாருக்கும் பிடிக்காது என்று இப்போதுதான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை லீவை எனக்கு நானே போட்டுக்கொண்டிருக்கிறேன், நீங்கள் வரும் நாள் என்பதால். போன வாரம் உடை மாற்றும் அறையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், கதவுக்குப் பின்னால் நான் இருப்பது தெரியாமல்.

“மேடத்துக்கு மட்டும் எல்லா ஞாயிறும் ஆஃப். நாம கேட்டா சர்வீஸ் பத்தலையாம்.”

“அவங்க வீட்டுக்காரர் வர்றாராம்டி.”

“என் வீட்டுக்காரரும் ஞாயித்துக்கிழமைதான் வீட்ல இருக்காரு. குழந்தைக்கு அவரு முகமே மறந்துபோச்சு.”

கடைசியாகப் பேசியவளுக்குக் கைக்குழந்தை. நான் காலணியைக் கட்டுவது போல் குனிந்தே இருந்தேன். அவர்கள் போன பிறகுதான் வெளியே வந்தேன். அந்த ஞாயிறும் நீங்கள் வரவில்லை.

நம் மகள் நலம். ஒன்பது வயதுக்கு வாய் அதிகம். நீங்கள் வரவில்லை என்று சொன்னதும், “வராட்டி வராட்டும். ‘பார்க்கலாம்’னு சொல்ல வேணாம்னு சொல்லு. அவர் பார்க்கலாம்னு சொன்னா நான் பால்கனியிலயே நிக்க வேண்டியிருக்கு” என்றாள். நான் எதையும் சேர்க்கவில்லை, அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

பரிசீலனையில் உள்ளது என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய பரிசீலனையில்? நான் இந்த வேலையை ஏற்பதா வேண்டாமா என்று தயங்கியபோது, ‘நீ முன்னால் போ, ஓராண்டுக்குள் அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கி வந்துவிடுகிறேன்’ என்றவர் நீங்கள். அன்று அந்த வாக்கியத்தில் ஒரு நிபந்தனைகூட இல்லை. அதனால்தான் நம்பிப் பெட்டி கட்டினேன். மே மாதம் முடிந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். அப்புறம் இந்த ஊரில் உங்களுக்கு வேலை இல்லை. விண்ணப்பித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி

◆

மே 3

அன்புள்ள உனக்கு,

பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். வார நாட்களில் அலுவலகம், ஞாயிறு கிடங்கு என்று போகிறது. எந்த நாள் எது என்று சில சமயம் நாள்காட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

முதல் ஞாயிறு எனக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். வேலை செய்பவர்களுக்கு நடுவே நாற்காலியில் அமர்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று எவரும் என்னிடம் சொன்னதில்லை. எழுந்து ஒரு அட்டைப்பெட்டியின் மறுமுனையைப் பிடித்தேன். “சார், இடுப்பைப் பார்த்து” என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்று முதல் வந்த பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. சென்ற வாரம் வாய்தா வேடிக்கை பார்க்க வந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். “நான் சும்மா சீண்டினேன்டா. நீ நிஜமாவே வருவேன்னு யாருக்குத் தெரியும்” என்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அது எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஒரு முக்கியமான தகவல். எங்கள் துணைப் பொது மேலாளர் ஓய்வு பெறுகிறார். எம்.டி. நேற்று என்னை அழைத்து அந்த இடத்தை எனக்குத் தரலாம் என்று வாய்மொழியாகத் தெரிவித்தார். “ஞாயித்துக்கிழமை கிடங்குல நின்னீங்க பாருங்க, அப்பதான் எனக்குத் தோணுச்சு. பிரச்சினையைத் தோள்ல போட்டுக்கிற ஆளு நீங்க” என்றார். என்னைத் தண்டித்ததே எனக்குத் தகுதியாக மாறியிருக்கிறது. பதினேழு ஆண்டுகள் ஒரே தளத்தில், மேலே இருப்பவர் திட்டுவதைக் கீழே இருப்பவர்களுக்கு மென்மையாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவனுக்கு, முதல்முறையாக ஒரு தளம் மேலே ஓர் அறை. ஜன்னலும் உண்டு.

ஏற்றுக்கொண்டால் கிளைப் பதவிக்கு விண்ணப்பிக்கும் கேள்வி எழாது. ஏற்காவிட்டால் இப்படி ஒரு வாய்ப்பு மறுபடியும் வருமா என்பது கேள்விக்குறி. எங்கள் பிரிவில் உள்ளவர்கள் நான் மேலே போனால் தங்களுக்கும் வழி திறக்கும் என்று நினைக்கிறார்கள். மாத இறுதிக்குள் பதில் சொல்வதாக எம்.டி.யிடம் கூறியிருக்கிறேன். நாங்கள் இங்கே ஒரு கட்டத்தைக் கடந்துவிட்டால் பிறகு அங்கு வந்துபோவது எளிதாகலாம்.

எதையும் ஒருதலைப்பட்சமாக முடிவு செய்ய நான் விரும்பவில்லை. வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இது முடிவு அன்று, தகவல் மட்டுமே.

உன்,
ஷரத்து

◆

மே 9

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை நம் மகள் வாங்கிப் படித்தாள். படிக்கக் கூடாது என்று தடுத்திருக்கலாம். டியூட்டி முடிந்து வந்து உட்கார்ந்த எனக்குத் தடுக்கவும் தெம்பில்லை.

படித்துவிட்டு, “அம்மா, அப்பா உன்னை ‘நீங்க’ன்னா கூப்பிடுவார்?” என்று கேட்டாள்.

“இல்லையே. நீன்னுதான்.”

“அப்போ இந்த ‘நீங்கள்’ யாரு?”

“நீயும் நானும்.”

“அவர்?”

அவள் எழுந்து போய் உங்கள் முதல் கடிதத்தையும் எடுத்து வந்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டாள். பள்ளியில் இப்படித்தான் சொற்களைத் தேடிக் கோடு போடச் சொல்கிறார்களாம். ஆபீஸ் வரும் இடத்தில் எல்லாம் ‘நாங்கள்’, ‘எங்கள்’. வீடு வரும் இடத்தில் ‘நீங்கள்’, ‘உங்கள் வீட்டுக் குழாய்’. ‘நாம்’ என்று நீங்கள் சேர்த்து எழுதிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அது லோடுமேன்களுக்கு எழுதியது.

“லோடுமேன் அங்கிள்களுக்கு அப்பா சொன்னபடி போறாரும்மா. நமக்கு அப்படி ஒண்ணும் எழுதலையே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விடை கண்டுபிடித்த மாதிரி சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அது எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

தவறி எழுதிய சொல் என்று சொல்வீர்கள். ஒரு காற்புள்ளி எங்கே வர வேண்டும் என்று நாள் முழுக்க யோசிக்கிறவர் நீங்கள். அலுவலகத்துக்கு எழுதும்போது ஒரு சொல் தவறியதற்காக ஞாயிறு ஞாயிறாகப் போய் நிற்கிறீர்கள். எங்களுக்கு எழுதிய சொல்லுக்கு நாங்கள் யாரிடம் போய் நிற்பது?

அந்தப் பதவி உங்களுக்கு வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நிஜமாகச் சொல்கிறேன். நானும் ஒரு படி ஏறத்தானே இந்த ஊருக்கு வந்தேன். ஏறுவதன் ருசி எனக்கும் தெரியும். ஆனால் அதை எங்கள் முடிவு என்று எங்கள் பெயரில் எழுதாதீர்கள். ‘நான் வரவில்லை’ என்று எழுதுங்கள். இரண்டு சொல்தான். படித்துவிட்டு அழுவேன், மறுநாள் ஷிப்டுக்குப் போவேன். இந்தப் பரிசீலனைதான் என்னைத் தின்கிறது.

எது என்று தெரியும்வரை எழுத வேண்டாம்.

உங்கள் மனைவி

◆

மே 27

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் மறுப்புரை ஒன்று எழுதினேன். ‘நீங்கள்’ என்ற சொல்லை எந்தப் பொருளில் பயன்படுத்தினேன், அது எவ்வாறு தவறாகப் பொருள்கொள்ளப்பட்டது என்று. வாதம் பிழையின்றி அமைந்திருந்தது. எதிர்த் தரப்பில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்ததும் கிழித்துவிட்டேன்.

கிளைப் பதவிக்கு இன்று விண்ணப்பித்தேன். எம்.டி. கையெழுத்திட்டுவிட்டார். ஜூன் மூன்றாம் வாரம் அங்கு பொறுப்பேற்கிறேன்.

இதை நான் மகிழ்ச்சியோடு செய்தேன் என்று எழுதினால் அது பொய்யாகும். மேலே இருக்கும் அந்த அறை எனக்கு வேண்டியிருந்தது. இப்போதும் மாடிப்படி ஏறும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போகிறேன். உனக்காகவும் மகளுக்காகவும் விட்டுக்கொடுத்தேன் என்று பிற்காலத்தில் ஒருநாள் நான் சொல்லிக்காட்டக் கூடும். அப்படிச் சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டு. நான் கேட்டு வாங்கிக்கொண்டது இது.

எம்.டி. அறையில் நடந்ததைச் சொல்கிறேன். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“என்ன சார் இது? நான் மேல கூப்பிடுறேன், நீங்க கீழ இறங்க லெட்டர் கொண்டு வர்றீங்க.”

“குடும்பம் அந்த ஊர்ல இருக்கு சார்.”

“குடும்பம் யாருக்குத்தான் இல்ல? என் பையனைக் கேளுங்க, அவன் ஸ்கூல் படிச்சதே எனக்குத் தெரியாதும்பான்.”

அதைப் பெருமையாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடித்ததும் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்தார். “ரெண்டு வருஷம் கழிச்சு வந்து கேட்டா இந்த இடம் இருக்காது, பாத்துக்குங்க” என்றார். “தெரியும் சார்” என்றேன்.

மதியம் கிளை மேலாளர் அழைத்தான். ஒரு காலத்தில் கடித உறையில் முகவரி எழுதக்கூட என்னிடம் கேட்டவன்.

“சார், நீங்க எனக்குக் கீழயா? எனக்கே கூச்சமா இருக்கு சார்.”

“எனக்கும்தான். ரெண்டு பேரும் பழகிக்கலாம்.”

“நான் உங்களை எப்படிக் கூப்பிடுறது?”

“சார்னே கூப்பிடுங்க. நானும் உங்களை சார்ங்கிறேன். மத்தவங்க குழம்பட்டும்.”

அவன் சிரித்தான். ‘கூப்பிடுங்க’ என்று அவனிடம் முதல்முறையாக மரியாதை கொடுத்தேன் என்பது தொலைபேசியை வைத்த பிறகே உறைத்தது. கொஞ்சம் வலித்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

சுற்றறிக்கையை எவரும் மாற்றவில்லை. எனக்குப் பதில் கணக்குப் பிரிவு மேலாளர் ஞாயிறு போவார். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அந்தக் கிளையில் ஞாயிறு விடுமுறை உறுதி. ஆகவே இனி ஞாயிறுகளில் நாம் மூவரும் ஒன்றாக இருப்போம். பதினைந்தாம் தேதி ஞாயிறு, காலை ரயிலில் வருகிறேன்.

உன் கணவன்

◆

ஜூன் 4

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தது. நம் மகளுக்கு நானே வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். அப்புறம், “பீரோவுல எந்தத் தட்டு அவருக்கு?” என்றாள். பொம்மைகள் இருந்த தட்டைக் காலி செய்துவிட்டாள். அது உங்கள் சட்டைகளுக்குப் போதாது, ஆனால் அவளிடம் சொல்லாதீர்கள்.

நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று கேட்டால், இருக்கிறேன் என்று நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அசதி போர்த்திக்கொண்டிருக்கிறது. அது விலகினால்தான் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஞாயிறு இல்லை. உங்களுக்குக் கோபமாக எழுதினேனே, அதற்கு மறுநாள் என் ஞாயிறு லீவை அந்தக் கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வரப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். யாரும் வராத வீட்டில் உட்கார்ந்திருக்க ஒரு லீவு எதற்கு என்று இருந்தது. இப்போது எனக்குப் புதன்கிழமை லீவு. இந்த வருஷம் முழுக்க அப்படித்தான் சார்ட் போட்டு மேலிடத்தில் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

திருப்பிக் கேட்கலாம் என்று நேற்று அவளைத் தேடிப் போனேன். என்னைப் பார்த்ததும் அவளே ஓடி வந்தாள். “மேடம், குழந்தை இப்ப அவர்கிட்ட போகுது மேடம். போன வாரம்தான் முதல்முறையா என்னைத் தேடாம தூங்குச்சு” என்றாள். நல்லது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கேட்டிருந்தால் கொடுத்துவிடுவாள். அதனால்தான் கேட்க முடியவில்லை.

ஆகவே நீங்கள் நினைத்தது போல மூவரும் ஒன்றாக இருக்கும் ஞாயிறு இப்போதைக்குக் கிடையாது. ஞாயிறு நீங்களும் அவளும், புதன் நானும் அவளும். நாம் மூவரும் என்பது தினமும் மாலையில் மிச்சம் இருக்கும் நேரம்தான். அதிலும் ஒருவருக்குத் தலைவலி இருக்கும், ஒருவருக்கு வீட்டுப்பாடம் இருக்கும். இதற்காகவா அந்த அறையை விட்டுவிட்டு வந்தேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றினால் சொல்லுங்கள். இதைப் படித்த பிறகும் வருகிறீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. வருகிறேன் என்று எழுதிவிட்டீர்கள், எனக்கு அது போதும்.

பதினைந்தாம் தேதி நீங்கள் வரும்போது நான் வார்டில் இருப்பேன். மகள் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருப்பாள், உங்கள் குரல் கேட்டால் வந்துவிடுவாள். உறையைத் தடவிப் பார்த்திருப்பீர்கள், உள்ளே இருப்பது வீட்டுச் சாவி. கொஞ்சம் இடப்பக்கமாக அழுத்தித் திருப்ப வேண்டும்.

இதுவரை வந்தபோதெல்லாம் மணி அடித்துவிட்டு வெளியே நிற்பீர்கள். நான் அவசரம் அவசரமாகப் போர்வையை மடித்து, நாற்காலியில் கிடக்கும் துணியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். இந்த முறை வீடு எப்படிக் கிடக்கிறதோ அப்படியே கிடக்கும். காலை ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் பாத்திரம் எல்லாம் தொட்டியில் இருக்கும். அப்படியே விடுங்கள், வந்து தேய்த்துக்கொள்கிறேன் என்று எழுத வந்தேன்.

வேண்டாம். நீங்களே தேய்த்து வையுங்கள்.

உங்கள் மனைவி